புதைத்தவர்களின் பிள்ளைகளும் புதைந்தவர்களின் பிள்ளைகளும்

ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோ தீவில் ஷுமரினாய் என்றொரு ஏரி இருக்கிறது. பரப்பளவில் ஜப்பானின் மிகப் பெரிய செயற்கை ஏரி அதுதான். குளிர்காலத்தில் முழுவதும் உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க ஆட்கள் வருவார்கள். அந்த வட்டாரத்தில் வெப்பநிலை மைனஸ் 41 டிகிரி வரை இறங்கியதுண்டு. 1938-இல் தொடங்கி 1943 வரை உர்யு ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். அப்போது பிறந்த ஏரி இது.

அணையைக் கட்டியவர்களில் ஒரு பகுதியினர் ஜப்பானிய ஏழைகள். கடனிலும் பொய் வாக்குறுதியிலும் சிக்கி, பூட்டிய கொட்டகைகளில் அடைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டவர்கள். மற்றவர்கள், அன்று ஜப்பானின் காலனியாக இருந்த கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பசி, அடி, விபத்து, குளிர் என்று ஏதோ ஒன்றில் செத்தவர்களைப் பக்கத்துக் காட்டில் குழி வெட்டிப் போட்டார்கள். கல் நடவில்லை, பெயர் எழுதவில்லை. மேலே சாசா என்னும் குட்டை மூங்கில் மண்டியது. போர் முடிந்தது, அணை மின்சாரம் தந்தது, ஏரி சுற்றுலாத் தலம் ஆயிற்று.

1976-இல் டோனோஹிரா யோஷிஹிகோ என்ற இளம் பௌத்த மதகுருவுக்கு, ஏரிக்கரைக்கு வந்த இடத்தில் கோகென்ஜி என்ற சிறிய கோயிலுக்குப் போக நேர்ந்தது. அங்கே தூசி படிந்த மரப்பலகைகளைக் காட்டினார்கள். இறந்தவர் பெயரையும் நாளையும் எழுதிக் கோயிலில் வைக்கும் பலகைகள் அவை. யாரும் வந்து கேட்காததால் அப்படியே கிடந்தன. அவற்றில் கொரியப் பெயர்களும் இருந்தன.

அவர் அந்தப் பலகைகளை வணங்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இறப்புப் பதிவேடுகளைத் தேடினார். அவற்றில் இருந்த கொரிய ஊர் முகவரிகளுக்குக் கடிதம் போட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சில கடிதங்களுக்குப் பதில் வந்தது. பிள்ளை என்ன ஆனான் என்றே தெரியாமல் காத்திருந்த குடும்பங்கள் அவை. 1980-களின் தொடக்கத்தில் உள்ளூர்க்காரர்கள் துணையுடன் மண்ணைத் தோண்டினார்கள். உடல் மக்கிய இடத்தில் மண் உள்வாங்கியிருக்கும். மூங்கில் புதருக்குள் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, வேரை வெட்டி, மெல்ல மெல்லத் தோண்ட வேண்டும். எலும்புகள் கிடைத்தன.

1989-இல் அவரைத் தேடி ஒரு கொரிய மாணவர் வந்தார். பெயர் சுங் பியோங்-ஹோ. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மானுடவியல் படித்துக்கொண்டிருந்தவர், ஜப்பானியக் குழந்தைக் காப்பகங்களை ஆராய வந்திருந்தார். டோனோஹிரா காப்பகம் ஒன்றை நடத்திவந்தார். குழந்தைகளைப் பற்றித் தொடங்கிய பேச்சு, மூங்கில் புதருக்குள் கிடப்பவர்களிடம் போய் நின்றது. ஒருநாள் நான் முறையாகத் தோண்டத் தெரிந்தவர்களோடு திரும்பி வருகிறேன் என்று சுங் சொன்னார். எட்டு ஆண்டுகள் கழித்து, ஹன்யாங் பல்கலைக்கழகப் பேராசிரியராக, சொன்னபடியே வந்தார்.

1997 கோடையில் ஷுமரினாயில் நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கூடினார்கள். கொரியாவிலிருந்து வந்தவர்கள், ஜப்பானியர்கள், ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த கொரியர்கள், ஹொக்கைடோவின் தொல்குடிகளான ஐனுக்கள். பகலில் தோண்டினார்கள். இரவில் கோயிலில் ஒன்றாகப் படுத்து, விடிய விடியப் பேசினார்கள். கொரிய மாணவனுக்கு ஜப்பான் என்றால் பாடப்புத்தகத்தில் படித்த கொடுமை. ஜப்பானிய மாணவிக்கு அந்தக் கொடுமையைப் பற்றி வகுப்பில் யாரும் சரியாகச் சொன்னதில்லை. இருவர் கையிலும் ஒரே மண்வெட்டி. தொடை எலும்பு ஒன்று மண்ணுக்கு மேலே தெரியும்போது, அது ஜப்பானியக் கூலியுடையதா, கொரியக் கூலியுடையதா என்று பார்வைக்குத் தெரியாது. இந்தப் பணியில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுதான். வரலாற்றைப் பிரிக்கும் கோடு இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடுவதாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அந்தக் காட்டில் கோடு வேறு இடத்தில் ஓடியது. கொட்டகைக்கு வெளியே பூட்டுப் போட்டவர்கள் ஒருபுறம், உள்ளே கிடந்தவர்கள் மறுபுறம்.

அந்தக் கூட்டுப் பட்டறை ஓராண்டோடு நிற்கவில்லை. ஹொக்கைடோவின் வடமுனையில் போர்க்கால விமானதளம் கட்டிய அசாஜினோவிலும் தோண்டினார்கள். சப்போரோ நகரில் ஒரு பெரிய கோயிலின் பெட்டகத்தில் கேட்பாரின்றிக் கிடந்த சாம்பலையும் தேடி எடுத்தார்கள். 2015 செப்டம்பரில், போர் முடிந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 115 பேரின் எலும்புகளும் சாம்பலும் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிகளில் கொரியாவுக்குப் புறப்பட்டன. விமானத்தில் ஏற்றியிருந்தால் சில மணி நேரம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்த மனிதர்கள் எந்த வழியாகக் கொண்டுவரப்பட்டார்களோ அதே வழியாகவே திரும்ப வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஹொக்கைடோவிலிருந்து டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, அங்கிருந்து ஷிமோனோசெக்கி துறைமுகம், கப்பலில் பூசான், பிறகு சோல். வழியில் ஊர் ஊராக ஜப்பானியர்கள் வந்து வணங்கினார்கள். சோல் நகரச் சதுக்கத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. பாஜுவில் இருக்கும் நகராட்சி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

இது அரசுகள் செய்திருக்க வேண்டிய வேலை. 1965-இல் ஜப்பானும் தென் கொரியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் கைமாறின. இழப்பீட்டுக் கோரிக்கைகள் முற்றாகவும் இறுதியாகவும் தீர்ந்துவிட்டன என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மூங்கில் புதருக்குள் கிடந்தவர்களை அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை. 2004-இல் இரு அரசுகளும் தொழிலாளர்களின் எலும்புகளைப் பற்றிப் பேசத் தொடங்கி, அது இழுபட்டுக்கொண்டே போனது. கடைசியில் ஒரு மதகுருவும், ஒரு பேராசிரியரும், லீவு போட்டு வந்த மாணவர்களும் மண்வெட்டியை எடுத்தார்கள்.

கோகென்ஜி கோயில் பிறகு நினைவுக் காட்சியகமாக இயங்கியது. பனியின் பாரம் தாங்காமல் அது இடிந்து விழுந்தபோது, இரு நாட்டு மக்களிடமும் நன்கொடை திரட்டி, 2024 செப்டம்பரில் புதிய கட்டடத்தைத் திறந்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் குன்மா மாகாண அரசு, கொரியத் தொழிலாளர்களுக்காக 2004-இல் பூங்காவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தை இடித்துத் தள்ளியிருந்தது. ஜப்பானில் இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன.

புத்தகத்துக்காக 32 ஆண்டுகள்

எலும்பைத் தோண்டுவதைவிடக் கடினம், அதைப் பள்ளிப் புத்தகத்தில் ஏற்றுவது. ஜப்பானில் பள்ளிப் பாடநூல்களைத் தனியார் பதிப்பகங்கள் வெளியிடும். கல்வி அமைச்சகம் சரிபார்த்து ஒப்புதல் தரும். அந்தச் சரிபார்ப்பில் என்ன நடக்கிறது என்பதை ஊரறியச் செய்தவர் இயெனகா சபுரோ. டோக்கியோவில் வரலாற்றுப் பேராசிரியர். போர்க்காலத்தில் ஆசிரியராக இருந்து, அரசு சொன்ன கட்டுக்கதைகளையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, எதிர்த்துப் பேசாமல் இருந்ததற்காக வாழ்நாள் முழுதும் வருந்தியவர். போருக்குப் பின் அவர் எழுதிய பாடநூலில் அமைச்சகம் கைவைத்தபோது, 1965-இல் அரசின் மீதே வழக்குத் தொடுத்தார். அது முடியுமுன் இன்னொன்று, பிறகு மூன்றாவது. மூன்றாம் வழக்கில் 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரிபார்ப்பு முறையே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால், சீனாவில் உயிருள்ள மனிதர்களைக் கொண்டு கிருமி ஆயுதச் சோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்றது. முதல் வழக்கிலிருந்து 32 ஆண்டுகள். அப்போது இயெனகாவுக்கு வயது 83. அவரை நீதிமன்றப் படியேற்றி நிறுத்தியது ஒரு கட்சியோ பெரிய நிறுவனமோ அல்ல. சந்தா கட்டி, துண்டறிக்கை அடித்து, விசாரணை நாளில் வந்து உட்கார்ந்த ஆசிரியர்களும் பெற்றோர்களும்தான்.

அந்த 1997-இல் ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளுக்கான ஏழு வரலாற்றுப் பாடநூல்களிலும், ராணுவத்தால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களைப் பற்றிய குறிப்பு இடம்பெற்றது. அதே ஆண்டு ஜனவரியில், இதையெல்லாம் தேசத்தை இழிவுபடுத்தும் வரலாறு என்று சொன்ன ஓர் அமைப்பும் பிறந்தது. பெருமிதமூட்டும் பாடநூல் என்று சொல்லித் தாங்களே ஒன்றை எழுதினார்கள். 2001-இல் அமைச்சகம் அதற்கு ஒப்புதல் தந்தது.

அப்போது நடந்ததை நம் ஊர் ஆசிரியர் சங்கங்களும் பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பாடநூலைப் பள்ளியில் வைப்பது என்று முடிவெடுப்பது அந்தந்த வட்டாரக் கல்விக் குழுக்கள். ஜப்பானியப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் குழுக்களின் வாசலுக்குப் போனார்கள். கொரிய நகரங்கள், தங்களோடு சகோதர நகர ஒப்பந்தம் வைத்திருந்த ஜப்பானிய நகரங்களுக்குக் கடிதம் எழுதின. டோச்சிகி மாகாணத்தின் ஷிமோட்சுகா வட்டாரத்தில் அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எதிர்ப்பைக் கண்டு முடிவை மாற்றினார்கள். கடைசியில் நாடு முழுவதும் அந்தப் பாடநூலைக் கையில் வாங்கிய மாணவர்கள் 0.039 விழுக்காடு. அமைச்சர்கள் பேசி நிறுத்தியதல்ல இது. ஒவ்வொரு ஊரிலும் முகம் தெரிந்த மனிதர்கள் முகம் தெரிந்த குழுவிடம் போய்க் கேட்டதால் நின்றது.

ஒரு புத்தகத்தைத் தடுப்பதோடு வேலை முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2002 மார்ச்சில் சீனா, கொரியா, ஜப்பான் மூன்றிலிருந்தும் அறிஞர்களும் ஆசிரியர்களும் நான்ஜிங்கில் கூடினார்கள். 1937-இல் ஜப்பானியப் படை படுகொலை நடத்திய நகரம் அது. அங்கிருந்து தொடங்கி, பெய்ஜிங், சோல், டோக்கியோ என்று மாறி மாறிச் சந்தித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஒரே புத்தகத்தை எழுதினார்கள். 2005-இல் மூன்று மொழிகளிலும் வெளியானது. எதிர்காலத்தைத் திறக்கும் வரலாறு என்ற பொருளில் அதற்குப் பெயர்.

ஒவ்வொரு பத்திக்கும் சண்டை நடந்தது என்றால் மிகையில்லை. சீனத் தரப்புக்கு அது படையெடுப்பையும் எதிர்ப்பையும் பற்றிய வரலாறு. கொரியத் தரப்புக்குக் காலனியாட்சியே மையம். ஜப்பானியத் தரப்பினர் சொந்த அரசின் குற்றத்தை மறைக்கவில்லை. ஆனால் ஒகினாவாவில் செத்த பொதுமக்களும், டோக்கியோவில் குண்டுவீச்சில் எரிந்தவர்களும், ஹிரோஷிமாவும் புத்தகத்தில் எங்கே வருவார்கள்? தாக்கியவனின் மனைவி மக்கள் பட்ட துன்பத்தை எழுதுவது, தாக்கப்பட்டவனுக்கு எளிதல்ல. எழுதினார்கள். ஜப்பானிய மக்கள் செய்த கொடுமையும் பட்ட கொடுமையும் ஒரே பகுதியில் இடம்பெற்றன. எனக்கு அந்தப் புத்தகத்தின் உயிர்ப் பகுதி அதுதான். பட்டதை மட்டும் சொன்னால் புலம்பலாகிவிடும், செய்ததை மட்டும் சொன்னால் பிள்ளை காதைப் பொத்திக்கொள்வான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான், அரசு ஒன்று போருக்குப் புறப்படும்போது அடுத்தவனை மட்டும் கொல்வதில்லை என்பது பதினான்கு வயதில் புரியும்.

குறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சீனத் தரப்பில் முன்நின்றது அரசு நடத்தும் சமூக அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள். ஜப்பானியப் பேராசிரியர் தன் அரசின் மீது வழக்குப் போடுவார், கொரிய ஆசிரியர் தெருவில் இறங்குவார். சீன ஆய்வாளருக்கு அந்த இடம் இல்லை. சீனாவின் சொந்தப் பக்கங்களில் இருக்கும் மௌனங்களை அந்தப் புத்தகம் தொடமுடியாமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். கொரியாவும் இதற்கு விலக்கல்ல. 2015-இல் அதிபர் பார்க் குன்-ஹே, பள்ளிகளுக்கு அரசே எழுதும் ஒற்றை வரலாற்றுப் பாடநூல் என்று அறிவித்தார். அவருடைய தந்தை ராணுவ ஆட்சியாளர் பார்க் சுங்-ஹியின் காலம் அதில் எப்படி எழுதப்படும் என்று கொரிய மக்களுக்குத் தெரியாதா? வரலாற்று ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அவர் பதவி இழந்து புது ஆட்சி வந்ததும், 2017 மே மாதம் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஜப்பானின் பாடநூலைக் குறைசொல்லத் தெரிந்த சமூகத்துக்குத் தன் பாடநூலையும் கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது.

ஐரோப்பாவில் இதே வேலைக்கு அரசுகள் தோள் கொடுத்தன. ஜெர்மானிய-போலந்துப் பாடநூல் குழு 1972-இல் தொடங்கியது. பிரான்சும் ஜெர்மனியும் 2006-இல் பொதுப் பாடநூலையே பள்ளிக்குள் கொண்டுவந்தன. கிழக்காசியாவில் ஜப்பானும் கொரியாவும், ஜப்பானும் சீனாவும் அரசு அளவில் கூட்டு ஆய்வுக் குழுக்கள் அமைத்தன. இரண்டுமே 2010-இல் தனித்தனிக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் பிரசுரித்துவிட்டுக் கலைந்தன.

சொல்ல வந்த பாட்டிமார்கள்

1991 ஆகஸ்ட் 14. சோலில் கிம் ஹாக்-சுன் என்ற முதிய பெண் செய்தியாளர்கள் முன்பு உட்கார்ந்து, பதினேழு வயதில் ஜப்பானிய ராணுவம் தனக்குச் செய்ததைச் சொன்னார். தென் கொரியாவில் பெயரும் முகமும் காட்டி வெளிப்படையாகச் சாட்சி சொன்ன முதல் பெண் அவர். அதன் பிறகு கொரியாவில் மட்டுமல்ல, பிலிப்பைன்ஸ், சீனா, தைவான், இந்தோனேசியா என்று ஊர் ஊராகப் பாட்டிமார்கள் வாய் திறந்தார்கள்.

அவர்களுக்கு எந்த நீதிமன்றத்திலும் நீதி கிடைக்காது என்று தெரிந்தபோது, பெண்கள் தாங்களே ஒரு நீதிமன்றத்தைக் கூட்டினார்கள். அதன் பின்னால் இருந்தவர் மட்சுயி யாயோரி, ஜப்பானியப் பத்திரிகையாளர். 2000 டிசம்பரில், டோக்கியோவின் நடுவிலேயே அது கூடியது. யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான ஐ.நா. தீர்ப்பாயத்தின் தலைவராக இருந்த கேப்ரியல் கிர்க் மெக்டொனால்ட் நீதிபதிகளில் ஒருவர். பல நாடுகளிலிருந்து 60-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். வட கொரியாவும் தென் கொரியாவும் ஒரே குற்றப்பத்திரிகையை முன்வைத்தன. இரு கொரியத் தலைவர்களின் முதல் உச்சி மாநாடு நடந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முன்னாள் ஜப்பானிய வீரர்கள் இருவர் மேடையேறி, நாங்கள் செய்தோம் என்று சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஹேக் நகரில் வெளியான முழுத் தீர்ப்பு, பேரரசர் ஹிரோஹிட்டோவையும் குற்றவாளி என்றது. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத தீர்ப்பு. ஆனாலும் அந்தப் பெண்களின் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்பட்டுப் பதிவானது. அதற்கு முன் அவர்களில் பலருக்கு உறவினர் முன்பும் வாய் திறக்க வழியிருக்கவில்லை.

மட்சுயி 2002-இல் புற்றுநோயில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்தையும் மக்கள் தந்த நன்கொடையையும் கொண்டு 2005-இல் டோக்கியோவில் ஒரு சிறு அருங்காட்சியகம் தொடங்கியது. இன்றும் இயங்குகிறது.

அதே காலத்தில் ஒவ்வொரு பாடநூலாக அந்தப் பெண்களைப் பற்றிய குறிப்பு மறைந்தது. பதிப்பகங்கள் மிரட்டலுக்கு அஞ்சின, விற்பனைக்கு அஞ்சின. பிறகு, பள்ளி ஆசிரியர்களே கூடி எழுதிய மனபிஷா என்ற பதிப்பகத்தின் பாடநூல், 2016-இலிருந்து அந்தக் குறிப்பைத் திரும்ப வகுப்புக்குள் கொண்டுவந்தது.

2020-இல் உயிர் பிழைத்த பெண்களில் ஒருவரான லீ யோங்-சூ, இத்தனை ஆண்டுகள் தனக்காகப் போராடிய அமைப்பையே பொதுவெளியில் கேள்வி கேட்டார். நன்கொடைப் பணம் எங்கே போகிறது என்றார். ஜப்பானியத் தூதரகத்தின் முன் வாராவாரம் கூடிக் கோபத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், இரு நாட்டு மாணவர்களும் பழகி, சரியான வரலாற்றைச் சேர்ந்து படிக்கட்டும் என்ற பொருளில் பேசினார். கொரியாவே அதிர்ந்தது. அவருடைய குற்றச்சாட்டு நீதிமன்றம் வரை போய், அமைப்பின் முன்னாள் தலைவருக்குத் தண்டனையும் உறுதியானது. ஆனால் அந்த மூதாட்டி சொன்னதன் இரண்டாம் பாதியைப் பத்திரிகைகள் அவ்வளவாகப் பேசவில்லை. மனித உரிமைக் கல்வி என்பதற்கு ஐ.நா. 2011-இல் ஒரு பிரகடனமே வெளியிட்டிருக்கிறது. பாகிஸ்தானியச் சமூகவியலாளர் ஃபரீதா ஷஹீத் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக 2013-இல் தந்த அறிக்கை, வரலாற்றுப் பாடம் ஒற்றைக் குரலில் இருக்கக்கூடாது என்று வாதாடியது. அந்தத் தாள்கள் சொல்வதைத் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பெண், தன் உடம்பில் பட்டதை வைத்துச் சொன்னார்.

தமிழன் கிடக்கும் தண்டவாளம்

இது எங்கோ நடக்கும் அடுத்தவர் கதை என்று நினைக்க நமக்கு உரிமையில்லை. 1942, 43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானிய ராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனது. ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம், மலாயாவிலிருந்து போனவர்களில் தமிழர்கள் பெரும்பங்கு. காலரா வந்த முகாம்களில் பிணத்தைப் புதைக்க ஆள் இல்லை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, போருக்குப் பின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் எழுந்தன. தோட்டத் தமிழனுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் ஆர்.சண்முகமும் அ.ரெங்கசாமியும் நாவலாக எழுதியிருக்காவிட்டால், அந்த நினைவு வீட்டுத் திண்ணைகளோடு போயிருக்கும். தமிழர்களுக்கென்று காஞ்சனபுரியில் நடுகல் எழுந்ததே அண்மையில்தான்.

அந்த ரயில் பாதையின் போர்க்கைதி முகாம்களில் காவல் நின்றவர்கள் யார்? பலர் கொரிய இளைஞர்கள். காலனி நாட்டிலிருந்து சேர்க்கப்பட்டு, ஜப்பானிய அதிகாரியிடம் அறை வாங்கி, கைதியை அறையப் பழக்கப்பட்டவர்கள். போர் முடிந்ததும் நேச நாடுகளின் நீதிமன்றங்கள் 148 கொரியர்களைப் போர்க்குற்றவாளிகள் என்றன. 23 பேருக்குத் தூக்கு. லீ ஹாக்-ரே என்பவருக்கும் தூக்குத் தண்டனைதான், பிறகு குறைக்கப்பட்டது. சிறையிலிருந்து வெளியே வந்தபோது ஜப்பான் அவரை வெளிநாட்டான் என்று கைவிட்டது, கொரியா துரோகி என்று ஒதுக்கியது. 2021-இல் 96 வயதில் இறக்கும்வரை ஜப்பானிய அரசிடம் நியாயம் கேட்டுக்கொண்டே இருந்தார், ஜப்பானிய நண்பர்கள் அவரோடு நின்றார்கள். நியாயம் கேட்டவர், மன்னிப்பும் கேட்டார். 1991-இல் ஆஸ்திரேலியா போய், ரயில்பாதை முகாமில் தன் காவலில் இருந்த ராணுவ மருத்துவர் டன்லப்பைச் சந்தித்துத் தலை வணங்கினார். இவரைப் பலியானவர் பட்டியலில் வைப்பதா, குற்றவாளிப் பட்டியலில் வைப்பதா? தேசங்கள் எழுதும் வரலாற்றில் இவருக்கு இடமே இல்லை. மனித உரிமையின் கணக்கில் இவர் இரண்டு பட்டியலிலும் வருவார்.

கொரியாவின் முறை

1999-இல் கொரியாவின் 'ஹான்க்யோரே 21' வார இதழில், வியட்நாமில் ஆய்வு செய்துகொண்டிருந்த கூ சூ-ஜோங் என்ற கொரியப் பெண் எழுதிய செய்தி வெளியானது. வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குத் துணையாகப் போன கொரியப் படைகள் கிராமங்களில் பொதுமக்களைக் கொன்ற செய்தி. அந்தப் போருக்குச் சுமார் 3,20,000 கொரிய வீரர்கள் போய்வந்தார்கள். கொரியாவின் பொருளாதார எழுச்சிக்கு வித்திட்ட வீரம் என்றுதான் அதுவரை பள்ளியிலும் வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். முன்னாள் வீரர்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். இதழ் பின்வாங்கவில்லை, வாசகர்களிடம் வியட்நாமுக்காக நிதி திரட்டத் தொடங்கியது.

அப்போது நடந்த ஒன்றை எழுதாமல் இந்தக் கட்டுரையை என்னால் முடிக்க முடியாது. ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமையாக இருந்து பிழைத்த இரண்டு கொரியப் பாட்டிகள், மூன் மியோங்-கும், கிம் ஓக்-ஜூ, தங்கள் கையில் இருந்த பணத்தை எடுத்து வியட்நாம் உண்மையைச் சொல்லும் அமைதி அருங்காட்சியகத்துக்கென்று கொடுத்தார்கள். ஜப்பானின் மன்னிப்புக்காகக் காத்திருந்தவர்கள், கொரியா வியட்நாமில் செய்ததையும் சொல்ல வேண்டும் என்று கொடுத்த பணம் அது. 2012-இல் கிம் போக்-டோங்கும் கில் வோன்-ஓக்கும் தொடங்கிவைத்த பட்டாம்பூச்சி நிதி, காங்கோவிலும் வியட்நாமிலும் போர்க்கால வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் போனது. ஜப்பானியத் தூதரகத்தின் எதிரே சிறுமியின் சிலையைச் செய்த சிற்பிகளான கிம் சோ-கியோங், கிம் உன்-சோங் தம்பதி, வியட்நாமியத் தாயும் சேயுமாக இன்னொரு சிலையையும் செய்தார்கள்.

1968 பிப்ரவரி 12 அன்று, வியட்நாமின் குவாங் நாம் மாகாணத்தில் ஃபோங் நி கிராமத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வயிற்றில் குண்டு பாய்ந்து பிழைத்த சிறுமி ங்குயென் தி தான், தாயையும் உடன்பிறந்தவர்களையும் அன்று இழந்தவர். வளர்ந்து முதிர்ந்தபின் கொரிய வழக்கறிஞர்கள் துணையோடு கொரிய அரசின் மீது சோல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். கொரியாவின் முன்னாள் மரைன் படை வீரர் ஒருவர் தன் படைப்பிரிவுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2023 பிப்ரவரி 7 அன்று நீதிமன்றம் 3 கோடி வோன் இழப்பீடு தரச் சொன்னது. அது எங்கள் வீரர்கள் என்பதற்கு ஆதாரமில்லை, காலமும் கடந்துவிட்டது என்று கொரிய அரசு வாதாடியிருந்தது. ஜப்பானிய அரசு கொரியப் பெண்களிடம் சொன்ன அதே வாதங்கள். 2025 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அந்தப் பெண்ணே வென்றார். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இதற்கிடையே ஜப்பானின் யமகுச்சி மாகாணத்தில், உபே நகரக் கடற்கரையில் இன்னொரு கூட்டு வேலை நடக்கிறது. 1942 பிப்ரவரி 3 அன்று கடலுக்கு அடியில் இருந்த சோசெய் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து 183 பேர் மூழ்கினார்கள். 136 பேர் கொரியர்கள், 47 பேர் ஜப்பானியர்கள். காற்றுக்காக வைத்த இரண்டு கான்கிரீட் தூண்கள் கடலுக்கு மேலே இன்னும் நிற்கின்றன. உள்ளூர் ஜப்பானியர்கள் 1991-இல் ஒரு குழு அமைத்தார்கள். எலும்புகளை எடுங்கள் என்று அரசிடம் கேட்டார்கள். ஆழம், ஆபத்து என்று அரசு தட்டிக் கழித்தது. 2024 செப்டம்பரில் நன்கொடை வசூலித்து, மூடப்பட்டிருந்த சுரங்க வாயைத் தாங்களே தோண்டித் திறந்தார்கள். ஜப்பானிய முக்குளிப்பவர் ஒருவர் இருட்டுத் தண்ணீருக்குள் வழி தேடினார். 2025 ஆகஸ்டில் கொரியாவிலிருந்து வந்த முக்குளிப்பவர்கள் கால் எலும்புகளையும் ஒரு மண்டையோட்டையும் மேலே கொண்டுவந்தார்கள். மனித எலும்புதான் என்று காவல்துறை உறுதி செய்தது.

அடுத்து மரபணுச் சோதனை. அது அரசுகள் செய்ய வேண்டியது. கொரியாவில் இருக்கும் வாரிசுகளின் மாதிரிகள் ஏற்கெனவே சேகரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 183 பேரின் பெயரும் குழுவிடம் இருக்கிறது. கடற்கரையில் அவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் கொரியர்களின் பெயர்கள், ஜப்பானிய ஆட்சி திணித்த பெயர்களாக இல்லாமல், தாய் தகப்பன் வைத்த பெயர்களாகவே செதுக்கப்பட்டிருக்கின்றன.